இருமலுக்கு ஒரு நோட்டு

8 ஜூலை 2024, திங்கள்

இருமலோடு வருகிறவர்களுக்கென்று இன்று தனி நோட்டு ஒன்று தொடங்கினேன். பெயர் எழுதப்போவதில்லை. வயது, தொழில், இருமல் எத்தனை நாள், இங்கே வருவதற்கு முன் எங்கெங்கே போனார், என்ன மாத்திரை சாப்பிட்டார். அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யவேண்டும் என்பது அரசு நெறிமுறை. இருமல் தொடங்கிய நாளுக்கும் சளியை டப்பாவில் துப்பும் நாளுக்கும் நடுவில் தாராவியில் ஒரு மனிதர் எங்கெல்லாம் அலைகிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்டு எழுதிவைக்க வெகுநாளாக ஆசை.

நள்ளிரவு ஒரு மணியிலிருந்து காலை ஏழு மணிக்குள் மும்பையின் சில பகுதிகளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிவிட்டது. ரயில் ஓடவில்லை. செம்பூரிலிருந்து சயான் வழியாகத் தொண்ணூறு அடி சாலைக்கு வந்து சேர வெயில் ஏறும் நேரமாகிவிட்டது, வெயில்தான் இல்லை. வந்த கொஞ்சம் பேரும் தெருத்தண்ணீரில் நடந்தவர்கள். காலில் புண் இருக்கிறதா என்று பார்த்து, எலிக்காய்ச்சல் வராமலிருக்க டாக்சிசைக்ளின் கொடுத்தனுப்பினேன். நோட்டில் முதல் வரியாக ஏறியவர் கும்பார்வாடாவில் சூளைக்கு அடுத்த வீட்டுக்காரர். மூன்று வாரமாக இருமல். புகையால் வருவது என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்களாம். மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

புகையாகவும் இருக்கலாம். அதனால்தான் சளி டப்பாவைக் கையில் கொடுத்தேன்.

9 ஜூலை, செவ்வாய்

தனியார் மருத்துவர்கள் காசநோய்க்கு என்ன எழுதுகிறார்கள் என்று ஆராய்ந்த பழைய கட்டுரைகளை இரவு மறுபடி எடுத்துவைத்துப் படித்தேன். 1991-இல் முகுந்த் உப்ளேகரும் டொனால்ட் ஷெப்பர்டும் எழுதியது முதலாவது. எங்களைப் போல் தனியாகக் கிளினிக் வைத்திருக்கும் 100 மருத்துவர்களிடம், காசநோயாளி ஒருவர் வந்தால் என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். 100 பேர் 80 விதமாக எழுதினார்கள்.

இருபது ஆண்டு கழித்து மாஹிம் ஹிந்துஜா மருத்துவமனையின் ஜரீர் உத்வாடியா, பின்டோ, அதே உப்ளேகர் மூவரும் சேர்ந்து அதே கேள்வியை 106 பேரிடம் கேட்டார்கள். 2010-இல் வெளிவந்தது. இம்முறை 63 விதம். மருந்து, அளவு, காலம் மூன்றும் சரியாக எழுதியவர்கள் 6 பேர். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு ஏற்ற சீட்டு எழுதியவர்கள் 3 பேர்.

அந்தக் கணக்கில் இருப்பது என் தெரு, என் தொழில். படிக்கும்போது முகம் சுடுகிறது, சுடத்தான் வேண்டும். முதல் இரண்டு மாதம் ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைடு, எதாம்பூட்டால் நான்கும் உடல் எடைக்குத் தக்க அளவில் போகவேண்டும். ஒன்றை விட்டாலோ அளவைக் குறைத்தாலோ கிருமி அந்த மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் உத்வாடியாவே காட்டினார். 2011 டிசம்பரில் அவரும் சகாக்களும் எழுதிய ஒரு கடிதம், சோதித்துப் பார்த்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் கண்ட நான்கு நோயாளிகளைப் பற்றியது. அவர்களில் மூவர் பதினெட்டு மாதத்தில் சராசரியாக நான்கு தனியார் மருத்துவர்களிடம் போய், இரண்டாம் வரிசை மருந்துகளை முறையில்லாமல் வாங்கிச் சாப்பிட்டவர்கள். 'எந்த மருந்துக்கும் கட்டுப்படாத' என்ற பெயரையே ஏற்கமாட்டோம் என்று அரசு வாதாடியது. ஆனாலும் 2012 மே மாதம் காசநோயை ஒவ்வொரு மருத்துவரும் அரசுக்குத் தெரிவித்தாகவேண்டும் என்று ஆணை வந்தது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இடிக்கிறது. இரண்டு ஆய்விலும் மருத்துவர் காகிதத்தைப் பார்த்துப் பதில் எழுதினார். காகிதம் இருமுவதில்லை. கூலி போய்விடும் என்று சொல்வதில்லை.

11 ஜூலை, வியாழன்

காகிதத்தை விட்டுவிட்டு ஆளையே அனுப்பிப் பார்த்தவர்களும் உண்டு. ஜிஷ்ணு தாஸ், மதுகர் பாய், அடா க்வான், பெஞ்சமின் டேனியல்ஸ் இவர்கள் குழு. உள்ளூர் ஆட்களைத் தேர்ந்து, ஒரு நோயாளியின் கதையை முழுக்க மனத்தில் ஏற்றி, கிளினிக்குகளுக்கு அனுப்பினார்கள். வந்திருப்பவர் நோயாளி இல்லை என்பது மருத்துவருக்குத் தெரியாது. என்ன கேட்டார், நெஞ்சில் குழல் வைத்தாரா, என்ன கொடுத்தார் என்று வெளியே வந்ததும் அவர் ஒப்பிப்பார்.

முதலில் டெல்லியில் செய்தது 2015-இல் அச்சானது. 250 சந்திப்புகளில் முறையான கவனிப்பு 21 சதவீதம். அதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது இன்னொன்று. அதே மருத்துவர்களில் 69 பேரிடம் அதே நோயாளியைக் கதையாகச் சொல்லிக் கேட்டபோது 73 சதவீதம் பேர் எக்ஸ்ரேயோ சளிப் பரிசோதனையோ எழுதுவோம் என்றார்கள். அந்த நோயாளி ஆளாக வந்து எதிரே உட்கார்ந்தபோது எழுதியவர்கள் 10 சதவீதம்.

தெரியாமல் விட்டதில்லை. தெரிந்தும் செய்யவில்லை. இது எப்படி என்பதுதான் என் கேள்வி முழுவதும்.

அடுத்து மும்பையிலும் பாட்னாவிலும் 2014 நவம்பரிலிருந்து 2015 ஆகஸ்ட் வரை. 2,602 சந்திப்புகள். முறையாக நடந்தவை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். கையில் எந்தச் சீட்டும் இல்லாமல் இருமல், காய்ச்சல் என்று மட்டும் சொல்லி வந்தவருக்குத்தான் கவனிப்பு மோசம். சளியில் கிருமி உண்டு என்ற அறிக்கையோடு வந்தவருக்கு நிலைமை எவ்வளவோ மேல். ஆகவே நோய் உறுதியான பிறகு நாம் அவ்வளவு கெட்டவர்கள் இல்லை. தெளிவில்லாத அந்த முதல் நாளில்தான் எல்லாம் கை நழுவுகிறது.

இன்று என் நாற்காலியிலிருந்து அந்த முதல் நாளைக் கவனித்தேன். தோல் பட்டறைத் தொழிலாளி, பத்து நாள் இருமல். எனக்குக் கொடுக்க அவரிடம் எண்பது ரூபாய் இருக்கிறது. எக்ஸ்ரே என்றால் அரைநாள் கூலி போகும். எடுத்துச் சுத்தமாக வந்தால், வீணாகச் செலவு வைத்தாள் என்று நினைத்து அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவார். இரண்டு நாள் பொட்டலம் கொடுத்தால் மூன்றாம் நாள் என்னிடமே திரும்பி வருவார். இந்தக் கணக்கைத்தான் ஒவ்வொரு மருத்துவரும் மனத்துக்குள் போடுகிறார். பத்தில் ஒன்பது இருமல் தானாகவே நின்றுவிடுவதால் அந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. பலிக்காத அந்த ஒருவர் வீட்டில் ஆறு பேரோடு பத்துக்குப் பத்து அறையில் படுத்திருக்கிறார்.

14 ஜூலை, ஞாயிறு

மாடுங்காவில் பெரிய டாக்டரைப் பார்க்கப் போனேன். பாவ் தாஜி சாலையில் நாற்பது வருடத்துக்கு மேல் குடும்ப மருத்துவராக இருந்தவர். கிளினிக்கை மூடிவிட்டார். குடும்பத்துக்கு ஓர் அட்டை என்று எழுதிவைத்தவை இன்னும் அலமாரி முழுக்க இருக்கின்றன. தாத்தா, மகன், பேத்தி எல்லோருடைய இரத்த அழுத்தமும் ஒரே அட்டையில்.

"சார், இதை யாராவது உட்கார்ந்து எண்ணியிருந்தால் இந்த வட்டாரத்துச் சர்க்கரை நோயின் சரித்திரமே கிடைத்திருக்கும்" என்றேன்.

"எண்ணறதுக்குப் பெரிய ஆஸ்பத்திரியிலே ஆள் இருக்கும்மா. நமக்கேது நேரம்?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறவா நூத்துல ஒருத்தர், ரெண்டு பேர். மீதிப் பேரை நாம மட்டும்தானே சார் பாக்கறோம்?"

அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய் வில்லியம் பிக்கிள்ஸின் புத்தகத்தை எடுத்து வந்தார். 1939-இல் வந்தது. யார்க்ஷயரில் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் கிராம மருத்துவர் பிக்கிள்ஸ். யாருக்கு எந்தத் தேதியில் காய்ச்சல், அவர் அதற்கு முன் யாரைப் பார்த்தார் என்று வரைபடமாகக் குறித்துக்கொண்டே வந்தவர். ஊர்க்காரர்கள் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள் என்பதால் மஞ்சள் காமாலை தொற்றிய நாளிலிருந்து வெளிப்படும் நாள்வரை எத்தனை நாள் என்பதை அவரால் கணக்கிட முடிந்தது. நகரத்துப் பெரிய மருத்துவமனையிலிருந்து அதைக் கண்டிருக்க முடியாது. பின்னாளில் பிரிட்டனில் பொது மருத்துவர்களுக்கென்று கல்லூரி அமைந்தபோது முதல் தலைவர் அவர்தான்.

நம் ஊர்க்கதையும் இருக்கிறது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம். வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு, மருந்து. மறுபாதிக்கு அவரவர் குடிசையிலேயே அதே மருந்து. 1959-இல் முடிவு வந்தபோது இரண்டு பக்கமும் குணமானவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் நோய் அதிகமாகத் தொற்றிவிடவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட அது ஒரு பெரிய காரணம். வீட்டுக்குள் போய்ப் பார்த்தார்கள், அதனால் கிடைத்தது. எங்கள் அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்த காலத்தில் காசநோய் என்றால் ஊரைவிட்டே போவதுதான் வழி என்று நினைத்திருந்தார்களாம். ஒரு நல்ல ஆய்வு எவ்வளவு பேரை வீட்டிலேயே இருக்கவிட்டிருக்கிறது!

கிளம்பும்போது பெரிய டாக்டர் அட்டைகளை எனக்கே தந்துவிடுவதாகச் சொன்னார். பெயர்களை மறைத்துவிட்டுத்தான் எடுக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார். சரியான நிபந்தனை.

17 ஜூலை, புதன்

ஆடி முதல் நாள். ஆஷாடி ஏகாதசி, மொஹரம் எல்லாம் ஒன்றாக வந்து ஊரே விடுமுறை. மாலை மட்டும் திறந்தேன். டெங்கு சந்தேகம், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. நோட்டில் எழுத எதுவும் இல்லை.

19 ஜூலை, வெள்ளி

இட்லிக்கார அண்ணாச்சி மருமகளை அழைத்து வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். விடியுமுன் மாவு வேகவைத்து, சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு நகரம் முழுக்க விற்பவர்களில் ஒருவர்.

"டாக்டரம்மா, ராத்திரியெல்லாம் இருமுதா. மெடிக்கல்ல குடுத்தான், ரெண்டு நாள் நின்னுச்சு, மறுபடியும் வந்துட்டு."

"அண்ணாச்சி, நீங்க செத்த வெளியே இருங்க. அவகிட்ட நான் பேசணும்."

ஒரு மாதத்துக்கு மேல் இருமல். எடை குறைந்திருக்கிறது. சாயங்காலக் காய்ச்சலை யாரிடமும் சொல்லவில்லை. கைப்பையில் மாத்திரை அட்டைகளைப் பத்திரமாக வைத்திருந்தாள். மெடிக்கலில் ஒன்று, ஒரு கிளினிக்கில் ஒன்று, மறுபடி மெடிக்கல். அதில் லெவோஃப்ளாக்சசின் இருந்தது. அது காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். ஆகவே சில நாள் தேறியதுபோல் தெரியும், நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். ஒவ்வொரு இடத்திலும் யாரோ நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்திருப்பார்கள்.

மருந்துக் கடைகளையும் ஆய்வு செய்திருக்கிறார்கள். டெல்லி, மும்பை, பாட்னா மூன்று ஊரிலும் 622 கடைகள், 2016-இல் வெளியானது. காசநோய்க்கான முதல் வரிசை மருந்தைச் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுத்த கடை ஒன்றுகூட இல்லை. ஆனால் இருமலோடு மட்டும் வந்தவருக்கு 37 சதவீதம் முறை ஆன்டிபயாட்டிக் கிடைத்தது. சளி அறிக்கையைக் காட்டியபோது 16 சதவீதம். கடைக்காரருக்கும் எல்லை தெரிகிறது, விஷயம் கண்ணில் பட்டால்.

சளி டப்பாவை எப்படிப் பிடிப்பது, வாய் கொப்பளித்துவிட்டு அடிநெஞ்சிலிருந்து இருமி எடுப்பது எப்படி என்று செய்து காட்டினேன். எச்சிலாக வந்தால் சோதனை வீண்.

22 ஜூலை, திங்கள்

அண்ணாச்சி மருமகளுக்குப் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி உண்டு. ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும். அந்த இரண்டாவது வரியைப் படித்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

"வீட்ல சொல்லிராதீங்கம்மா. ஊருக்கு அனுப்பிருவாங்க."

"உன்னக் கேக்காம ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன் தாயி. ஆனா வீட்ல மூணு வயசுப் பிள்ள இருக்குல்ல? அதுக்கும் பாக்கணும். நீ சரின்னா, நானே அண்ணாச்சிகிட்ட சொல்றேன்."

வெகுநேரம் யோசித்துச் சரி என்றாள். அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி யாவாரம். இட்லி வழியாகப் பரவாது, காற்று வழியாகத்தான் பரவும், மருந்து தொடங்கிச் சில வாரங்களில் தொற்றும் அடங்கிவிடும் என்று சொன்னேன். இரண்டாவது கேள்வி, பேரன். அந்த வரிசையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்த வீட்டின் எல்லா வயிறும் அந்த அடுப்பை நம்பித்தான் இருக்கிறது.

காசநோயாளிகளைப் பதியும் அரசின் நிக்ஷய் தளத்தில் பதிவு செய்தேன். மாதாமாதம் சத்துணவுக்குப் பணம் வரும், வங்கிக் கணக்கு சரியாக இருந்தால். கடந்த மார்ச்சில் அரசு மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்து, மாநிலங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ளும்படி மத்திய அரசு எழுதவேண்டியிருந்தது. ஆகவே முதல் மாத மருந்து கையில் வந்து சேர்ந்த பிறகுதான் அவளை அனுப்பினேன்.

25 ஜூலை, வியாழன்

மறுபடி பெருமழை. வந்தவர்கள் குறைவு, பேச நேரம் இருந்தது. முழங்கால் வலிக்கு மனைவியைக் கூட்டிவந்த பட்டறைக்காரர், மழை விடட்டும் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவர், தன் இருமலைச் சொன்னார். வழக்கமான நாளில் அவர் அதைச் சொல்லியிருக்கமாட்டார், நானும் கேட்டிருக்கமாட்டேன், நோயாளி அவர் மனைவிதானே.

67 நாடுகளில் ஒரு நோயாளிக்குப் பொது மருத்துவர் தரும் நேரத்தைத் தொகுத்த ஆய்வு 2017-இல் வந்தது. வங்கதேசத்தில் 48 நொடி. ஸ்வீடனில் இருபத்திரண்டரை நிமிடம். நமக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். டெல்லி ஆய்வில் சொன்ன 73 சதவீதத்தையும் செய்த 10 சதவீதத்தையும் பிரிக்கும் இடைவெளியில் பெரும்பகுதி இந்த இரண்டு நிமிடத்துக்குள்தான் கிடக்கிறது என்று நான் நம்புகிறேன். மருத்துவருக்குப் பாடம் எடுத்தால் போதும் என்பவர்கள் இங்கே வந்து ஒரு மாலை உட்கார்ந்து பார்க்கவேண்டும். 2020 ஏப்ரலில் கொரோனா தாராவிக்குள் நுழைந்தபோது மாநகராட்சி தனியார் மருத்துவர்களைத்தான் சந்து சந்தாகக் காய்ச்சல் பார்க்க அழைத்தது. மக்கள் எங்களுக்குக் கதவைத் திறந்தார்கள். பழகிய முகம் என்ற ஒரே காரணம். அந்தப் பழக்கத்தை ஆய்வுக்கும் நம்பலாம் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

28 ஜூலை, ஞாயிறு

மாடுங்காவில் காலை டிபனுக்கு, அக்கம்பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் சிலரை அழைத்திருந்தேன். எம்.பி.பி.எஸ்., ஹோமியோபதி, ஆயுர்வேதம் எல்லோரும் உண்டு. தாராவியில் முதல் நாள் இருமலைப் பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் ஹோமியோபதி, ஆயுர்வேத மருத்துவர்கள்தான் என்று நான் நினைக்கிறேன். அவர்களை விலக்கிவிட்டு இதைச் செய்வதில் பொருளில்லை.

என் நோட்டைக் காட்டினேன். சில பக்கங்களில் என்ன பெரிதாகத் தெரிந்துவிடும் என்று ஒருவர் கேட்டார். பெரிதாக இல்லை. ஆனால் பெரும்பாலோரின் முதல் வாசல் மெடிக்கல் என்பதும், இரண்டாவது வாசலில் முதல் வாசலைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதும் சில பக்கங்களிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. அரசுப் பதிவில் இதற்குரிய கட்டம் இல்லை. நோய் உறுதியான நாளிலிருந்துதான் அங்கே கதை தொடங்குகிறது.

கும்பார்வாடாப் பக்கத்து ஹோமியோபதி மருத்துவர் ஒரு விஷயம் சொன்னார். எக்ஸ்ரே எழுதிக் கொடுத்து, எடுக்காமலே போனவர்களை யாரும் எண்ணுவதில்லை, எண்ணினால்தான் தன் சிரமம் புரியும் என்றார். 2014-க்குப் பிறகு சில ஆண்டுகள் மாநகராட்சியோடு சேர்ந்து பாத் (PATH) என்ற அமைப்பு நடத்திய காசநோய்த் திட்டத்தில், தனியார் கிளினிக்கிலிருந்தே இலவச எக்ஸ்ரேக்கும் சளிப் பரிசோதனைக்கும் சீட்டு கிடைத்தது. அப்போது அவர் தயங்காமல் எழுதினாராம். அறிவு அதே அறிவுதான், செலவு மட்டும் நோயாளி தலையில் விழவில்லை.

29 ஜூலை, திங்கள்

ஆடிக் கிருத்திகை. செட்டா நகர் முருகன் கோயில் பக்கம் காலையிலேயே காவடிக் கூட்டம், செம்பூரிலிருந்து வெளியே வர நேரமாயிற்று. பேரனுக்கு எக்ஸ்ரே சுத்தம் என்று அண்ணாச்சி வந்து சொன்னார். ஐந்து வயதுக்குக் கீழ் என்பதால் தடுப்பு மருந்து தொடங்கினோம். மருமகள் எடை சற்றே ஏறியிருக்கிறது. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான சத்துணவு ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு மரண அபாயம் 61 சதவீதம் குறைந்திருந்தது. தராசுக்கு இனி நோட்டில் ஒரு கட்டம்.

31 ஜூலை, புதன்

ஞாயிறன்று வந்தவர்களில் மூவர் நோட்டு வைக்க ஒத்துக்கொண்டார்கள். கட்டங்களை முடிவு செய்துவிட்டோம்: வயது, தொழில், இருமல் நாள், முதல் வாசல், இரண்டாம் வாசல், சாப்பிட்ட மருந்து, நாம் எழுதிய பரிசோதனை, எடுத்தாரா, எடுக்கவில்லை என்றால் ஏன், எடை. கும்பார்வாடா மருத்துவர் கேட்ட கட்டத்தை நடுவில் போட்டேன். நெறிமுறைக் குழு அனுமதிக்கு விண்ணப்பம் எழுதவேண்டும், அதற்கு மருத்துவக் கல்லூரியில் ஒரு பேராசிரியர் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். மெடிக்கல் கடைக்காரர் இருவரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று நாளை மதியம் நேரில் போய்க் கேட்கப்போகிறேன்.